காகிதத்தில் முந்நூற்று நாற்பத்தெட்டு

எனக்கு ஏமாறுவது பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் என் விஷயம் முற்றிப்போனது. ஜெலுத்தோங் பாசாரில் ஒரு கிலோ கெம்போங் மீனுக்கு ஐம்பது சென் கூடக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் போதும், அன்றைக்கு அந்த மீன் எனக்குத் தொண்டையில் இறங்காது. தட்டில் கிளறிக்கொண்டே இருப்பேன். "முள்ளு குத்துதா, அம்பது சென் குத்துதா?" என்று என் மனைவி கேட்பாள். பதினேழு வருஷமாக இதே கேள்விதான்.

இப்படிப்பட்டவன் வீடு வாங்கக் கிளம்பினால் வீட்டில் இருப்பவர்கள் பாடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாங்களாகக் கிளம்பவும் இல்லை. பதினோரு வருஷமாக ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, தன் மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, வருஷக் கடைசியில் வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபப்படக்கூட இடம் வைக்காத பணிவு. எங்கள் மகளின் பள்ளி அங்கிருந்து நடக்கிற தூரம். மனைவி வேலை பார்க்கும் பல் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. வாடகை கொடுத்தது போதும், இதே பக்கத்தில் ஒரு பழைய வீடாவது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கையில் இருந்தது முப்பத்தாறாயிரம் வெள்ளி. சேமநிதியிலிருந்து வீட்டுக்கென்று எடுக்க முடிந்ததும், அவள் அந்த மருத்துவமனை முகப்பில் உட்கார்ந்து அடுத்தவர் பல்வலியைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததும் சேர்த்துத்தான் இவ்வளவு. இதில் பிசகினால் இன்னொரு முறை சேர்க்க எங்களுக்கு வயதில்லை. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் நான் பதறினேன், அவள் பேசாமல் இருந்தாள்.

பார்த்த ஐந்தாவது வீடுதான் இது. பன்னிரண்டு மாடிக் கட்டடம். இரண்டு லிப்ட், எப்போதும் ஒன்றுதான் ஓடும். வீடு நாலாவது மாடியில். ஆனால் லிப்டில் நாலு என்ற பொத்தானே கிடையாது. மூன்றுக்கு அடுத்து '3A'. நாலு சாவு எண் என்று சீனர்கள் ஒதுக்குவதால் கட்டியவர்கள் செய்த வேலை. கூட வந்த ஏஜெண்டு, வாசனை தூக்கலாகப் பூசிய ஒரு தமிழ்ப் பையன், அதையே எங்களுக்குச் சாதகமாகச் சொன்னான். "சீனவங்க இந்த மாடியை எடுக்க மாட்டாங்கண்ணே. நமக்கென்ன, நாலு ஒண்ணும் பண்ணாது. அதான் உங்களுக்குச் சான்ஸு."

அதை விற்கிற வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் சுங்கை பாக்காப்பில் மகன் வாங்கியிருக்கும் தரை வீட்டுக்குப் போகிறார்கள். மகன் இவர்களுக்காகப் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவர் கேட்ட விலை முந்நூற்று அறுபதாயிரம். எங்கள் பேச்சில் ஆயிரத்தை விட்டுவிடுவோம். முந்நூற்று அறுபது.

"இந்த டைல்ஸைப் பாரு தம்பி. இந்தத் தடிமன்ல இப்ப எங்க கிடைக்குது? காலால தட்டிப் பாரு."

தட்டிப் பார்த்தேன். டைல்ஸ் போலத்தான் இருந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் நன்றாக வந்தது. ஜன்னல் கம்பிகளை ஆட்டினேன். குளியலறைக் கூரையில் மேல்வீட்டு ஈரம் இறங்கியிருக்கிறதா என்று நாற்காலி போட்டு ஏறித் தடவினேன். அவர் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கதை வைத்திருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குஞ்சுக்கு முந்நூற்று அறுபது என்றால் யோசிக்கத்தானே வேண்டும்.

மாக் மண்டினில் ஓர் இரும்புப் பாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அளவு பார்க்கும் பிரிவு. ஒரு பாகம் மயிரிழை கூடவா குறையவா என்று கருவி வைத்துப் பார்த்து, சரி, தள்ளு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. வீட்டையும் அப்படியே பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எந்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்ற பதிவுகளைக் காட்டும் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் மோட்டார் சைக்கிளோடு கடல் தாண்டும் பேரியில் ஏறினால் பட்டர்வொர்த் போய்ச் சேரும்வரை அதையே பார்ப்பேன். அக்கம்பக்கத்துக் கட்டடங்கள், சதுர அடி, எத்தனையாவது மாடி, எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன்.

அந்தக் கட்டடத்திலேயே சமீபத்தில் கைமாறியவை இரண்டுதான். ஒன்று இருநூற்று எழுபது. இன்னொன்று எட்டாவது மாடியில், இதே அளவு வீடு, போன வருஷம் முந்நூற்று நாற்பத்தைந்து. முதலாவதைப் பற்றி ஏஜெண்டிடம் கேட்டேன். "ஐயோ அண்ணே, அது லேலாங் வீடு. கடன் கட்டாம பேங்க்கு ஏலத்துல விட்டது. அதை எப்படிக் கணக்குல சேர்ப்பீங்க?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது எட்டாவது மாடி. அதுதான் என் அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசினேன் தெரியுமா? எட்டாவது மாடியே முந்நூற்று நாற்பத்தைந்துக்குத்தான் போயிருக்கிறது, அங்கே கடல் தெரியும், உங்கள் ஜன்னலில் எதிர்க் கட்டடத்துத் துணிதான் தெரிகிறது, மாடியும் '3A' என்று ஒன்றரை மணி நேரம் பேசி முந்நூற்று நாற்பதுக்கு இறக்கினேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அன்றே முன்பணம் ஆறாயிரத்து எண்ணூறு வெள்ளியைக் கட்டினோம். பதினான்கு நாளுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வராது.

இரவு சாப்பிடும்போது மீன் நன்றாக இறங்கியது.

மறுநாளிலிருந்துதான் ஆரம்பித்தது. முந்நூற்று நாற்பது கூடவோ? வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் அந்தக் கட்டடத்தின் கீழே போய் நிற்பேன். லிப்ட் வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்ப்பேன். குப்பை எடுக்கிறார்களா, பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியல் எவ்வளவு நீளம் என்று அறிவிப்புப் பலகையில் படிப்பேன். காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் நோட்டுப் புத்தகம். "வாங்கினதுக்கு அப்புறம் என்னத்த எழுதுறீங்க?" என்றாள் மனைவி. இன்னும் வாங்கவில்லை என்று எரிந்து விழுந்தேன். அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். லிப்டில் ஒரு தம்பதி, தமிழர்கள், கையில் பாசார் பைகளோடு. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். '3A' வாங்கப் போகிறோம் என்றதும் அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் எட்டாவது மாடி. எந்த வீடு என்று கேட்டேன். என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிற அதே வீடு. சாமியே வழிகாட்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். கூரையில் வளைவு வளைவாக வேலை செய்து நீல விளக்குப் போட்டிருந்தார்கள். சமையலறை முழுக்கப் புது கேபினெட். நான் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

அவர் அண்ணாந்து நீல விளக்கைப் பார்த்தார். "முந்நூத்தி நாப்பத்தஞ்சுண்ணே."

"ரெகார்டுலயும் அப்படித்தான் இருக்கு" என்றேன். எனக்கு நிம்மதி. அவருக்கும் ஏதோ நிம்மதி போலத்தான் தெரிந்தது.

அவர் மனைவி மைலோ கலக்கிக்கொண்டே என் மனைவியிடம் கேபினெட்டைத் திறந்து திறந்து காட்டினாள். "எங்க கையில இருந்து ஒரு சென் போடலக்கா. வீட்டுக்கும் சரி, இந்த கேபினெட்டுக்கும் சரி, எல்லாம் லோன்லயே வந்துருச்சு." நான் அப்போது கேபினெட் கதவு சத்தமில்லாமல் மூடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

திரும்பும்போது சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"பேங்க்கு எவ்வளவு கொடுக்கும்?"

"தொண்ணூறு பர்சென்ட். எத்தனை தடவை சொல்றது?"

"மிச்சம் பத்து?"

"கையில இருந்துதான் போடணும்."

"ஒரு சென் போடலன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. அப்ப பத்து பர்சென்ட்டை யாரு போட்டா?"

"அவங்க அப்பா போட்டிருப்பாரு."

"அப்பா போட்டிருந்தா கேபினெட்டுக்கும் சேர்த்து லோன்ல எப்படி வரும்? வீட்டு விலைக்கு மேலயா பேங்க்கு கொடுத்துச்சு?"

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். "போங்க, அடிக்கிறாங்க" என்று என் முதுகில் தட்டினாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். எட்டாவது மாடிக்காரர் எப்படி ஒரு சென்னும் போடாமல் வாங்கினார் என்று கேட்டேன். அவன் மறைக்கக்கூட இல்லை.

"மார்க்-அப்புண்ணே. எல்லாரும் செய்றதுதான்லா. கொடுக்கிற விலை ஒண்ணு, பேப்பர்ல போடுற விலை ஒண்ணு. பேப்பர்ல கூட்டிப் போட்டா அதுக்குத் தொண்ணூறு பர்சென்ட் வரும். அசல் விலையே அதுல அடங்கிடும்."

"அப்ப அசல் விலை என்ன?"

"அது நான் சொன்னா நல்லா இருக்காதுண்ணே."

"நான் பேரம் பேசுறப்ப நீ பக்கத்துல உக்காந்துதானே இருந்த? முந்நூத்தி நாப்பத்தஞ்சு முந்நூத்தி நாப்பத்தஞ்சுன்னு நான் கத்திக்கிட்டு இருந்தேனே. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீங்க கேக்கலையேண்ணே" என்றான்.

அன்று மாலை பேரியில் திரும்பும்போது கரைக்கு வந்தபின்னும் வண்டியைக் கிளப்பாமல் நின்று பேரிக்காரனிடம் திட்டு வாங்கினேன். நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனேன். எட்டாவது மாடிக்காரர் கீழே கார் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"முந்நூத்தி அஞ்சுண்ணே" என்றார். நான் இன்னும் கேட்கவே இல்லை. "பேப்பர்லதான் நாப்பத்தஞ்சு. பேங்க்குல முந்நூத்திப் பத்துக்கு மேல வந்துச்சு. மிச்சத்துலதான் கேபினெட்டு."

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க விலை கேட்டீங்க. பேப்பர்ல உள்ளதைச் சொன்னேன். நாளைக்கு நான் விக்கணும்ல? முந்நூத்தி அஞ்சுன்னு நானே சொல்லிட்டுத் திரிஞ்சா எனக்கு யாருண்ணே கொடுப்பா?"

அவரை அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. அவர் காரைப் பார்த்து, இந்தப் பக்கம் சோப்பு போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் எனக்கு இப்படித்தான் சம்பந்தமில்லாமல் ஏதாவது வாயில் வரும்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு அளவுக் கருவியையும் குறித்த நாளில் சோதனைக்கு அனுப்புவோம். கருவி சரியா என்று பார்க்காமல் பாகத்தை அளந்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். வாழ்க்கையில் வாங்கப்போகிற ஒரே வீட்டை நான் சோதிக்காத கருவியால் அளந்திருக்கிறேன். எட்டாவது மாடியே முந்நூற்று ஐந்து என்றால் நான் மல்லுக்கட்டி இறக்கியதாக நினைத்த முந்நூற்று நாற்பது, முப்பத்தைந்தாயிரம் அதிகம். நாங்கள் இத்தனை வருஷமாகச் சேர்த்தது மொத்தமே அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால் அது போச்சு. போடாவிட்டால் ஆறாயிரத்து எண்ணூறு போச்சு. நாலு நாள்தான் மிச்சம்.

அந்த நாலு நாளில் நான் வீட்டில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. நடந்துகொண்டே சாப்பிட்டேன். ஏஜெண்டை, எட்டாவது மாடிக்காரரை, நீல விளக்கை, அந்த மைலோவைக்கூட விடாமல் திட்டினேன். பொய்யர்கள், ஒருத்தன் சொல்கிற பொய்யில் இன்னொருத்தன் தலையில் மண் விழுகிறது என்று மகள் முன்னாலேயே கத்தினேன். கடைசியில், ஆறாயிரத்து எண்ணூறு ஒழிந்துபோகட்டும், வீடே வேண்டாம் என்றேன்.

"ஒழிஞ்சுபோக அது நீங்க மட்டும் சேர்த்த காசா?" என்றாள் மனைவி. "வாங்க, அந்த அங்கிள்கிட்டயே போய்க் கேப்போம். நான் பேசுறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

போனோம். ஏஜெண்டும் வந்திருந்தான். பெரியவர் வீட்டில் பாதிச் சாமான்கள் பெட்டிகளில் ஏறியிருந்தன. சுங்கை பாக்காப்பில் மகன் கட்டுகிற அறைக்கு அடுத்த மாதம் குத்தகைக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டுமாம். மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எட்டாவது மாடி உண்மையில் முந்நூற்று ஐந்துக்குப் போனது என்று சொன்னாள்.

"பேப்பர்ல நாப்பத்தஞ்சு இருக்கேம்மா" என்றார் அவர்.

"பேப்பர்ல இருக்கு அங்கிள். கொடுத்தது முந்நூத்தி அஞ்சு. அவரே சொன்னாரு."

பெரியவர் மெல்லச் சிரித்தார். "நானும் அப்படித்தாம்மா வாங்கினேன். பேப்பர்ல நூத்தி எழுவது. கொடுத்தது நூத்தி அம்பது."

"அப்ப உங்க பேப்பர் பொய்யி, எட்டாவது மாடி பேப்பர் மட்டும் நெசம்னு எப்படி அங்கிள் நம்புனீங்க?"

"நம்பணும்னு ஆசையா இருந்துச்சும்மா" என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. நான் மட்டும் என்ன செய்தேன்? லேலாங் வீட்டின் இருநூற்று எழுபதைக் கேள்வி கேட்டேன், முந்நூற்று நாற்பத்தைந்தைக் கேட்கவில்லை. எனக்கும் பேரம் பேசி ஜெயித்தவனாக இருக்க ஆசை.

அவர் பக்கம் அறை நின்றுபோகும் என்ற பயம், எங்கள் பக்கம் முன்பணம் போகும் என்ற பயம். இரண்டு பயமும் உட்கார்ந்து பேசி முந்நூற்றுப் பதினைந்துக்கு வந்தன. எட்டாவது மாடியைவிடப் பத்துக் கூட. டைல்ஸுக்கும் கம்பிக் கதவுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். என் மனைவி தலையாட்டினாள். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் பெரியவர் ஒன்று சொன்னார்.

"ஆனா தம்பி, பேப்பர்ல முந்நூத்தி நாப்பத்தெட்டு இருக்கணும். பதிமூணு வருஷம் இந்த பில்டிங் கமிட்டியில இருந்தவன் நான். என் வீடுதான் விலையைக் கெடுத்துச்சுன்னு ஒருத்தனும் சொல்லக் கூடாது."

ஏஜெண்டு உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். "உங்களுக்கும் நல்லதுண்ணே. முந்நூத்தி நாப்பத்தெட்டுக்குத் தொண்ணூறுன்னா முந்நூத்திப் பதிமூணு சொச்சம். முன்பணத்துல ஆயிரத்து எண்ணூறு போதும், மிச்சம் அஞ்சாயிரம் திரும்ப வந்துரும். உங்க சேவிங்ஸ் அப்படியே இருக்கும்."

நான் மறுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரமாவது யோசித்ததாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அரைக் கிலோ வெங்காயம் பொறுக்குகிற நேரம்கூட ஆகவில்லை. சரி என்றேன்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள். "எட்டாவது மாடிக்காரரை நாலு நாளா என்னா திட்டுத் திட்டுனீங்க."

"அது வேற."

"எது வேற?"

"நம்ம கொடுக்கிறது சரியான விலை. அது போதும்."

"நம்ம காசு நம்ம கையிலயே இருக்குன்னு சந்தோஷப்படுறீங்க. அதுக்கும் சேர்த்து முப்பது வருஷம் வட்டி கட்டப்போறோம். சரி விடுங்க." அவள் சரி விடுங்க என்றால் விடவில்லை என்று அர்த்தம்.

வக்கீல் அலுவலகத்தில் ஒரு பெண் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, இங்கே, இங்கே என்று விரலை வைத்தாள். பத்து விழுக்காட்டை எங்களிடம் கையில் பெற்றுக்கொண்டதாகப் பெரியவர் கையெழுத்துப் போட்டார். பெறவே இல்லை. கொடுத்ததாக நான் போட்டேன். கொடுக்கவே இல்லை. முந்நூற்றுப் பதினைந்து என்ற எண் எந்தத் தாளிலும் இல்லை, எங்கள் நாலு பேர் வாயில் மட்டும்தான் இருந்தது. மனைவி பேனாவை எடுத்து அந்தத் தொகை இருந்த வரியை ஒரு முறை முழுசாகப் படித்தாள். பிறகு போட்டாள்.

குடிவந்தோம். புது அடுப்பில் பால் பொங்கியது, வடக்குப் பக்கம் வழிந்ததா கிழக்கா என்று சொந்தக்காரர்கள் தகராறு செய்தார்கள். எட்டாவது மாடித் தம்பதி சுவர்க்கடிகாரம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நக்கல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் ஆள் ஒருத்தன் சேர்ந்துவிட்டான் என்ற அன்புதான் இருந்தது. மிச்சப்பட்ட பணத்தில் நாங்களும் சமையலறைக்குக் கேபினெட் அடித்தோம். சத்தமில்லாமல் மூடுகிற கதவு.

சில மாதங்கள் கழித்து ஏழாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியும் நானும் பாசாரிலிருந்து வருகிறோம். லிப்டில் ஓர் இளம் தம்பதி. புதிதாகக் கல்யாணமானவர்கள். அந்தப் பெண் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். கட்டம் போட்டிருந்தாள். சதுர அடி, மாடி, விலை. எனக்கு அதைப் பார்த்ததும் என்னவோ செய்தது.

"நீங்க இங்கதான் இருக்கீங்களாண்ணே? லிப்டு எப்பவும் இவ்வளவு லேட்டாத்தான் வருமா?" என்று கேட்டாள். பேச்சு வளர்ந்தது. '3A' என்றேன்.

"அப்படியா? இந்த வருஷம் கைமாறின வீடு ஒண்ணு '3A'ன்னு பார்த்தேன். நீங்கதான் வாங்குனதா? தப்பா நினைக்காதீங்க, எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

நான் அண்ணாந்து பார்த்தேன். லிப்டில் நீல விளக்கு இல்லை, சாதா டியூப்லைட்தான்.

"முந்நூத்தி நாப்பத்தெட்டு" என்றேன்.

"ஆமா, ரெகார்டுலயும் அப்படித்தான் இருக்கு" என்று அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். '3A' வந்தது. நாங்கள் இறங்கினோம். கதவு மூடி அவர்கள் மேலே போனார்கள்.

மனைவி சாவியைத் துழாவினாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள். "தொண்டையில இறங்குச்சா?"

பைகளை அவளிடம் கொடுத்துவிட்டு லிப்டுக்குக் காத்திராமல் படிக்கட்டில் கீழே இறங்கினேன். மேலே போய், அவர்களுக்கு வீட்டைக் காட்டுகிற ஏஜெண்டு முன்னால் பேச எனக்குத் தைரியமில்லை. கார் நிறுத்துமிடத்தில் முக்கால் மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தேன். இவர்கள் வீட்டைப் பிடித்துப்போய் அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் இரண்டு முறை தோன்றியது. நான் சொல்லப்போவது என் சொந்த வீட்டு விலையில் முப்பத்து மூவாயிரத்தைக் குறைக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர்கள் வந்தார்கள். நான் நேரே போய் நின்றேன்.

"தங்கச்சி, நான் மேல சொன்னது பேப்பர் விலை. கொடுத்தது முந்நூத்திப் பதினஞ்சு. எட்டாவது மாடியும் அப்படித்தான், கொடுத்தது முந்நூத்தி அஞ்சு. ரெகார்டைப் பார்த்து ஏமாந்துடாதீங்க."

அவன் மனைவிக்கு முன்னால் ஓர் அடி வந்து நின்றான். "கொஞ்ச நேரம் முன்னாடி ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. அந்த ஏழாவது மாடியை உங்க ஆளுங்க யாராச்சும் பார்க்கிறாங்களாண்ணே?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல."

அந்தப் பெண் கெட்டிக்காரி. என்னைச் சந்தேகிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. போனைத் திறந்து பதிவை எனக்கே காட்டினாள். எங்கள் கட்டடம், எங்கள் மாடி, முந்நூற்று நாற்பத்தெட்டு. "நீங்க சொல்ற விலைக்கு உங்ககிட்ட பேப்பர் ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

என்னிடம் இருக்கும் ஒரே பேப்பரிலும் முந்நூற்று நாற்பத்தெட்டு என்றுதான் இருக்கிறது. நானே கையெழுத்துப் போட்டது. இல்லை என்றேன்.

அவள் நோட்டுப் புத்தகத்தைக் காரின் மேல் வைத்து, கட்டத்தின் ஓரத்தில் 315 என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். மேலே இருந்த 348-க்குப் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை.